முன்னோருக்கு மூன்றாவது இலை

ஜூலை 8, செவ்வாய்

எனக்கு வருத்தமே இல்லை. இதை எழுதி வைப்பதற்காகத்தான் என் மகள் தனுவின் போன வருட நோட்டில் மீதமிருந்த பக்கங்களை எடுத்தேன். வருத்தம் இல்லை.

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு மார்ச் வரை ஒரு தற்காலிக அறிவியல் ஆசிரியர் வேண்டுமென்று போன மாதம் மனு வாங்கினார்கள். இன்று பட்டியல் ஒட்டிவிட்டார்கள். முதல் பெயர் மோகனப்பிரியா, எம்.எஸ்சி., பி.எட். இரண்டாவது பெயர் இந்துமதி, பி.எஸ்சி. விலங்கியல், பி.எட். அதாவது நான். முதல் பெயருக்கு ஏதாவது ஆனால் ஒழிய இரண்டாவது பெயருக்கு ஒரு வேலையும் கிடையாது.

என் வீட்டுக்காரர் போளூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்றார். இதில் இரண்டு பக்கம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எதைச் சொன்னாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

தனு அஞ்சாம் வகுப்பு. அவளுடைய டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருப்பதால் அஞ்சாவதையும் எட்டாவதையும் ஒரே அறையில் உட்கார வைத்து இந்த மோகனப்பிரியாதான் அறிவியல் எடுக்கப் போகிறாளாம். எடுக்கட்டும்.

ஜூலை 11, வெள்ளி

தனுவுக்கு இருமல். கற்பூரவல்லி போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். சளி இருமலா வறட்டு இருமலா என்று தெரிந்துகொள்ள அவளை மூன்று முறை இருமச் சொன்னேன். நாலாவது முறை அவளே, "எனக்கு இருமலே வரலம்மா, நீ கேக்கறன்னு இருமறேன்" என்றாள்.

சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து கை கழுவுவதற்குள் "மிஸ் சொன்னாங்க" பதினான்கு தடவை. எண்ணவில்லை. சும்மா காதில் விழுந்தது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வாசலில் பெரிய கோலம், அம்மனுக்குப் பொங்கல், இடுப்பு வலி.

தனு இன்று பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் கயிற்றுக் கதையைச் சொன்னாள். மோகனப்பிரியா மைதானத்தில் நாற்பத்தாறு மீட்டருக்குக் கயிறு கட்டியிருக்கிறாள். ஒரு சென்டிமீட்டர் என்றால் பத்து லட்சம் வருடம். இந்த முனையில் பூமி பிறக்கிறது. நடக்கிறார்கள், நடக்கிறார்கள், முக்கால்வாசி மைதானத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற உயிரே இல்லையாம், பசங்களுக்குப் போரடித்துவிட்டதாம். டைனோசர் எல்லாம் செத்தது கடைசி ஒன்றரை முழத்தில். மனிதன் வருவது கடைசி மூன்று மில்லிமீட்டரில்.

"மூணு மில்லிமீட்டர்மா. என் நகம் அளவுகூட இல்ல. அதுலதான் நம்ம எல்லாரும்."

அந்தக் கயிறு அம்மன் சப்பரம் இழுக்கிற கயிறு. கோயில் காரியங்களைப் பார்ப்பவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் ஏகாம்பரம் மாமா. பக்கத்து வீடுதான். பிள்ளைகள் இழுத்து விளையாடக் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

நல்ல யோசனைதான். நானாக இருந்தால் கரும்பலகையில் அட்டவணை போட்டிருப்பேன். அட்டவணையும் ஒன்றும் மோசம் இல்லை.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வடையிலிருந்து தொடங்குகிறேன். வடை நன்றாக வந்தது.

மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். அமாவாசைப் படையல் எங்கள் வீட்டில்தான், படங்கள் இங்கே இருப்பதால். பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு, படத்துக்குப் பொட்டு வைத்துப் பூப்போடும் வேலையை தனுவிடம் விட்டிருந்தேன். பெரியப்பா அவளுக்கு நேற்று முழுக்கப் பாடம் எடுத்திருந்தார். முன்னோர் என்றால் யார், அமாவாசையன்று அவர்கள் ஏன் வருகிறார்கள், ஒருவரை மறந்தாலும் அவர் எப்படிப் பசியோடு திரும்பிப் போவார் என்றெல்லாம். அவள் கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைப்பது பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு மாமா குளித்து, ஈர வேட்டியோடு வந்தார். நான் கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கூடத்தில் இரண்டு இலை போட்டிருக்க வேண்டிய இடத்தில் மூன்று இலை. சுவரில் மாமனார் படம், மாமியார் படம், அதற்குப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிய ஒரு சார்ட் அட்டை. அதில் உடம்பு முழுக்க முடியோடு ஒருவர் நிற்கிறார். குனிந்த முதுகு, நீண்ட கை. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகை சார்த்தியிருக்கிறாள். வெறும் உடம்போடு இருந்தால் பெரியப்பா கோபித்துக்கொள்வார் என்று கரை போட்ட வேட்டி கட்டிவிட்டிருக்கிறாள். கீழே அழகான கையெழுத்தில்: முன்னோர். அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

இதுவரை கூடப் பரவாயில்லை. அவருக்கு மீசையும் வைத்திருக்கிறாள். முனை முறுக்கி, இடது பக்கம் கொஞ்சம் ஏறினாற்போல. ஊரில் அந்த மீசை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் இரண்டடி தள்ளி மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா அட்டைக்குக் கிட்டே போனார். பிறகு, "யாரு இது?" என்றார்.

தனு நிதானமாக விளக்கினாள். "நம்ம முன்னோரு, பெரியப்பா. மிஸ் சொன்னாங்க. நமக்கும் குரங்குக்கும் சேத்து முன்னோரு. அறுவது லட்சம் வருஷமா யாருமே இவருக்குப் படைக்கல. நீங்கதான சொன்னீங்க, ஒருத்தர விட்டாலும் பசியோட போவாங்கன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றினேன்.

மாமா அட்டையைக் கிழிக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும். மெதுவாகப் பிரித்து, மடித்து, என் கையில் கொடுத்தார். மூன்றாவது இலையை அவரே எடுத்துச் சுருட்டினார். "எங்கப்பன் மூஞ்ச குரங்குக்கு வெச்சுகீறாங்க. இதுக்கா இஸ்கூலு?" படைத்தார், காக்காய்க்கு வைத்தார், சாப்பிடாமல் போய்விட்டார்.

தனு மூன்று வடை சாப்பிட்டாள்.

ஜூலை 25, வெள்ளி

காலையில் தயிர் புளித்துவிட்டது. கேஸ் புக் செய்தேன். தனுவின் இடது காலணியில் வார் அறுந்திருக்கிறது.

மாமா வந்து ஒரு தாளை நீட்டினார். அடுப்பில் பால் இருந்தது. அவசரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆடி இரண்டாம் வெள்ளி என்பதால் தலைக்குக் குளித்தேன். முடி நிறையக் கொட்டுகிறது.

ஜூலை 27, ஞாயிறு

கோயிலில் கூழ் வார்த்தார்கள். எங்கள் வீட்டுப் பங்குக்கு இரண்டு படி கேழ்வரகு. மாமா அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று ஊற்றிக்கொண்டே என்னிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: பள்ளி மேலாண்மைக் குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது, மனுவை வைத்துவிட்டோம், அந்தப் பெண்ணை நிறுத்துவது அந்தக் குழுவின் கையில்தான் இருக்கிறது. "அந்த எடம் காலியானா அடுத்து உன் பேருதாம்மா. நம்ம வூட்டுப் பொண்ணு இருந்தா இந்த வம்பே வராது."

அப்படியெல்லாம் நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னேன்.

மத்தியானம் பீரோவைச் சுத்தம் செய்தேன். பி.எட். சான்றிதழ் ஓரம் மடங்கியிருந்தது, நிமிர்த்தி வைத்தேன். அப்படியே பழைய காட்டன் சேலைகள் நான்கையும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தேன். சேலைகள் சும்மா கிடந்தால் இற்றுப்போய்விடும்.

எட்டாவது அறிவியல் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டினேன். பொழுதுபோக வேண்டுமே.

ஜூலை 29, செவ்வாய்

தனுவை வகுப்பில் "குரங்குப் பேத்தி" என்கிறார்களாம். அவள் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளை சொன்னது.

நேற்று பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல" என்கிறாள். இன்றைக்கும் ஒன்றும் இல்லை. மிஸ் என்ன சொன்னாங்க என்று நானே கேட்டேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே, "இனிமே ஸ்கூல்ல சொல்றது எதையும் வீட்ல சொல்ல மாட்டேன். வீட்ல சொல்றத ஸ்கூல்ல சொல்ல மாட்டேன். சரியாம்மா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டேன் என்பது போலச் சொன்னாள்.

இருமுகிறாளா என்று காது கொடுத்துக்கொண்டே இருந்தேன். இருமினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 30, புதன்

தண்ணீர்த் தொட்டியருகே மோகனப்பிரியா ஸ்கூட்டியை நிறுத்தினாள். இருபத்தாறு வயதிருக்கும். முகம் காய்ந்திருந்தது. நான் குடத்தைத் தேவையில்லாமல் கழுவிக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியர் மணிமொழி டீச்சர் அவளை அழைத்து, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் "தவறாகக் கற்பித்துவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, பிரச்சினை அடங்கிவிடும் என்றாராம். அந்த அம்மாவையும் குற்றம் சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர்.

"படம் வரையச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கறேன்க்கா. உங்க வீட்டுப் பெரியவர் மனசு நோகும்னு எனக்குத் தோணல, அது என் தப்பு. ஆனா பாடம் தப்புன்னு எப்படிச் சொல்றது? நீங்க ஜுவாலஜிதான. நான் சொல்லிக் கொடுத்ததுல எது தப்புன்னு நீங்களே சொல்லுங்க, அத மட்டும் நான் மாத்திக்கறேன்."

பால் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சாயங்காலம் நாலரைக்கு எங்கள் வீட்டில் பால் வைப்பதில்லை.

ஜூலை 31, வியாழன்

கேஸ் மூடியிருக்கிறதா என்று ஐந்து முறை எழுந்து போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கூட்டம் மூன்று மணிக்கு, எட்டாம் வகுப்பு அறையில். பதினாறு பேர் வந்திருந்தார்கள். குழந்தைகளின் பெஞ்சு என்பதால் எல்லோருடைய முட்டியும் மோவாய்க்கு வந்துவிட்டது. குழுவின் தலைவி செண்பகம் அக்கா. பேருந்து நிறுத்தத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவர். மாவுக் கையோடுதான் வந்திருந்தார். மோகனப்பிரியா கதவோரம் நின்றாள். மாமா முதல் பெஞ்சில் வெள்ளைத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

அக்கா மனுவை எடுத்துத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி கொண்டுவரவில்லை என்று மணிமொழி டீச்சரிடம் தள்ளினார். டீச்சர் படித்தார். "மேற்படி ஆசிரியை, மனிதன் குரங்கிலிருந்து பிறந்தான் என்று கற்பித்து எங்கள் குல முன்னோரை இழிவுபடுத்தியதால், எனது மகள் மன வேதனையடைந்து அன்று முழுவதும் உணவு உட்கொள்ளவில்லை. இப்படிக்கு, சி. இந்துமதி."

பதினாறு முகமும் திரும்பின. மோகனப்பிரியாவுடையது மட்டும் திரும்பவில்லை. அவளுக்கு அதுவரை யார் கையெழுத்து என்று தெரிந்திருக்கவில்லை போல. இல்லை, தெரிந்திருந்ததோ.

"நீதான கையெழுத்து போட்டுகீற?" என்றார் அக்கா.

எழுந்தேன். பெஞ்சில் சேலை மாட்டிக்கொண்டது. "ஆமாங்க்கா. முழுசா படிச்சுட்டுத்தான் போட்டேன். அதுல ஒண்ணும் உண்மை இல்ல. என் பொண்ணு அன்னிக்கு மூணு வடை சாப்பிட்டா. டீச்சர் அப்படிக் கத்துக்கொடுக்கவும் இல்ல. நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். மாமா விடவில்லை. அப்படி இல்லையென்றால் வேறு எப்படி, படித்த பிள்ளைதானே, எல்லோருக்கும் விளக்கட்டும் என்றார். சாக்பீஸ் கையில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. பி.எட். பயிற்சி முடிந்து எட்டு வருடம் ஆகிறது. கரும்பலகையைப் பார்த்ததும் எனக்கு வந்தது அட்டவணை இல்லை. தணிகாசலம்.

தணிகாசலம் எங்கள் பங்காளி. அவருக்கும் மாமாவுக்கும் ஒரு வரப்புத் தகராறில் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. ஊருக்கே தெரியும்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. தணிகாசலம் உங்களுக்குத் தாத்தாவா?"

"அவன் எதுக்கு எனக்குத் தாத்தா? பங்காளி."

"நீங்க அவர்கிட்டேர்ந்து வந்தீங்களா?"

"சீ."

"அவரு உங்ககிட்டேர்ந்து வந்தாரா?"

"இன்னாம்மா பேச்சு இது. ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டன். நாலு தலைமுறைக்கு முன்ன. அவன் வழி வேற, என் வழி வேற."

"அதேதான் மாமா பாடம். குரங்கு நமக்குத் தாத்தா இல்ல. பங்காளி. ரெண்டு பேருக்கும் ஒரு பாட்டன் ரொம்ப காலத்துக்கு முன்ன இருந்தாரு. அவரு குரங்கும் இல்ல, மனுஷனும் இல்ல. அங்கேர்ந்து வழி பிரிஞ்சுடுச்சு. மனுஷக் குரங்குன்னா கிட்டத்துப் பங்காளி, அறுபது எழுபது லட்சம் வருஷம். நம்ம ஊர்க் குரங்கு தூரத்துப் பங்காளி, ரெண்டரைக் கோடி."

அறை கலகலத்தது. நான் பலகையில் ஒரு கோடு போட்டு, அதை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையில் "ஏ" என்றும் இன்னொன்றில் "த" என்றும் எழுதியிருந்தேன். பழக்கம் விட்டுப்போனதில் கிளை உண்மையான கிளை மாதிரியே வளைந்திருந்தது.

மாமா துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். அவர் லேசுப்பட்டவர் இல்லை. "பங்காளின்னா, குரங்கு செத்தா எனக்குத் தீட்டு உண்டா?"

இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை. ஆனால் செண்பகம் அக்காவிடம் இருந்தது. "ஏன்யா, போன மாசி மாசம் டிரான்ஸ்பார்மர்ல அடிபட்டு ஒண்ணு செத்துச்சே. புதுத்துணி சுத்தி, மாலை போட்டு, மோளம் அடிச்சு அடக்கம் பண்ணது யாரு? தலை முழுவிட்டு வந்து என் கடையில காப்பி குடிச்சது யாரு? மூணாம் நாளு பால் ஊத்தினது யாரு?"

"அது ஆஞ்சநேயரும்மா," என்றார் மாமா, குரல் இறங்கி.

"கும்பிடறப்ப சாமி. சொந்தம்னு சொன்னா கசக்குதா?"

பின்பெஞ்சிலிருந்து ஒரு தாய் கையைத் தூக்கினார். தங்கள் சர்ச்சில் மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கியதாகச் சொல்கிறார்கள், பிள்ளை பரீட்சையில் எதை எழுதுவது என்று உண்மையான கவலையோடு கேட்டார். அதற்கு மணிமொழி டீச்சர் எழுந்தார். பாடத்தில் இருப்பதைப் பரீட்சையில் எழுதட்டும், சர்ச்சில் சொல்வதை சர்ச்சில் கேட்கட்டும், கோயிலில் சொல்வதைக் கோயிலில் கேட்கட்டும் என்றார். "பிள்ளைங்க ரெண்டையும் தாங்கும்மா. நமக்குத்தான் தாங்க மாட்டேங்குது." ஆறு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர் பேசுகிற மாதிரி இல்லை.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் என்னைத்தான் பார்த்தார். "பங்காளியோ பாட்டனோ, இருந்துட்டுப் போவட்டும். எங்கப்பன் மீசைய எதுக்கும்மா அதுக்கு வெச்சா கொழந்த?"

ஆடி அமாவாசையிலிருந்து அவர் கேட்க நினைத்தது இது ஒன்றைத்தான். நாங்கள் யாரும் கேட்கவிடவில்லை.

"அவளுக்கு நமக்கு முன்னாடி இருந்தவங்கன்னா தாத்தாதான், மாமா. வேற யாரையும் அவ பாத்ததில்ல. அறுவது லட்சம் வருஷம் முன்ன இருந்தவரும் தாத்தா ஜாடையிலதான் இருப்பாருன்னு நெனச்சுட்டா."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வியர்வை என்று வைத்துக்கொள்கிறேன். பிறகு மனுவை இழுத்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்து கதவோரம் போய் மோகனப்பிரியாவிடம், "கயிறு கேட்டா எதுக்குன்னு சொல்லிட்டுக் கேக்கணும்மா" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். மார்ச் வரை அவளே தொடர்வது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவளிடம் போனேன். முழுதாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்பதை அவளுக்குத் தனியாக இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. "பட்டியல்ல அடுத்த பேரு என்னுது. அதுக்காகத்தான் போட்டேன். மாமாவுக்காக இல்ல."

"தெரியும்க்கா. பட்டியல நானும்தான் பாத்தேன்."

அவள் சிரிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஸ்கூட்டி சீட்டைத் திறந்து நோட்டுக் கட்டு ஒன்றை எடுத்தாள். அஞ்சாவது, எட்டாவது சேர்த்து முப்பத்தெட்டு நோட்டு, திங்கட்கிழமைக்குள் திருத்த வேண்டும், இந்த வாரம் அவளால் ஒன்றுகூட முடியவில்லையாம். ஏன் முடியவில்லை என்று நான் கேட்கவில்லை. அஞ்சாவதுக் கட்டை என் கையில் வைத்துவிட்டு, சிவப்பு மை வேண்டாம், பச்சையில் திருத்துங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 2, சனி

பச்சை மைப் பேனா மூன்று கடையில் கேட்டு, நாலாவதில் கிடைத்தது. என் வீட்டுக்காரர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "ரெண்டு..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். தனு எதிரில் வந்து உட்கார்ந்தாள். யாருடைய நோட்டு யாருடையது என்று கையெழுத்தை வைத்தே சொன்னாள். யார் யாரைப் பார்த்து எழுதுவார்கள் என்பதையும். வாய் ஓயவில்லை. தன்னைக் குரங்குப் பேத்தி என்று சொன்னது இவன்தான் என்று ஒரு நோட்டைத் தட்டிக் காட்டினாள். "அவன்கிட்ட சொல்லிட்டேன்மா, நீயும்தான்டான்னு."

அதிலிருந்தே தொடங்கினேன். அட்டை கிழிந்த நோட்டு. கேள்வி, பூமியில் மனிதன் எவ்வாறு தோன்றினான்? நான்கு வரி எழுதுவதற்கு இடம் விட்டிருந்தது. அந்தப் பிள்ளை ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தான்.

மெதுவாக.

முழு மதிப்பெண் போட்டேன்.